இலவம்பாடிக் கத்தரிக்காய் வடிவில் ஒரு நாய் நடைப் பை: முதல்முறை பின்னுபவர்களுக்கு

வேலூரில் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் நிறையப் பேர். கழிவை எடுக்கப் பை கொண்டுவருபவர்கள் குறைவு. மனமில்லாமல் அல்ல, பை கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதில்லை. ஒரு கையில் வார், இன்னொரு கையில் போன், நைட்டியிலோ லுங்கியிலோ பாக்கெட் கிடையாது. பை வாரோடு சேர்ந்தே தொங்கினால் மறக்க வழியில்லை. அதற்குத்தான் இந்தச் சின்ன உறை. வெளியே பார்த்தால் ஊதா நிறக் கத்தரிக்காய், உள்ளே கழிவுப் பைச் சுருள், கூடவே நாயின் தடுப்பூசி விவர அட்டை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைத்தான் மாதிரியாக எடுத்திருக்கிறேன்.

இதைப் பின்னக் கற்றுக்கொண்டபோது எனக்குப் பெரிய தடையாக இருந்தது கைவேலை அல்ல. கிடைக்கிற பாடங்கள் எல்லாம் குளிர் நாட்டுக் கம்பளி நூலுக்கும் அமெரிக்க ஊசி எண்ணுக்கும் எழுதப்பட்டவை. நம்ம ஊர்க் கடையில் என்ன கேட்பது, எவ்வளவு வாங்குவது, எந்த இடத்தில் கணக்கு உதைக்கும் என்று தமிழில் சொல்ல ஆளில்லை. நீங்கள் அந்தச் சுற்றுச் சுற்ற வேண்டாம்.

1. முதலில் அளவெடுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

நீங்கள் வாங்கும் கழிவுப் பைச் சுருளை மேசையில் வைத்து நீளம், விட்டம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான சுருள்கள் 6 செ.மீ. நீளம், 3 முதல் 3.5 செ.மீ. விட்டத்துக்குள் இருக்கும். கீழே கொடுத்திருக்கும் கணக்கு அதற்குத்தான். சுருள் இதைவிடப் பருமனாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது, சின்னச் சுருளாகப் பார்த்து வாங்கிக்கொள்வது சுலபம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. அதனால் மக்கும் தன்மை கொண்டது என்று உறையில் அச்சிட்டிருக்கும் சுருளையே வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பழைய செய்தித்தாளைப் பாதித் தாளாகக் கிழித்து, நுழையும் அளவுக்குச் சின்னதாக மடித்து இதே உறைக்குள் வைக்கலாம். நான்கைந்து மடிப்பு தாராளமாகக் கொள்ளும்.

2. நூல்: பருத்திதான், வேறு வேண்டாம்

கடையில் "உல்லன் நூல்" என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான் எடுத்துத் தருவார்கள். நிறம் பளபளக்கும், விலையும் குறைவு. ஆனால் மே மாதத்து வேலூர் வெயிலில் வியர்த்த கையோடு அதைப் பின்னுவது தனி வேதனை. பின்னி முடித்த பிறகும் நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெந்நீரில் அலசினால் தொய்ந்துவிடும். கம்பளி நூல் துவைத்தால் சுருங்கும். கழிவுப் பைக்குப் பக்கத்தில் தொங்கப்போகும் பொருளை அடிக்கடி துவைத்தே ஆக வேண்டும் என்பதால் பருத்தி நூலைத் தவிர வேறெதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன்.

நூலின் பருமனைப் பெயரை வைத்து நம்பாதீர்கள். ஒரு ஸ்கேலைச் சுற்றி நூலை இழுக்காமல், நெருக்கமாகச் சுற்றுங்கள். 1 அங்குலத்துக்குள் 11 முதல் 14 சுற்று வந்தால் அது நமக்கு வேண்டிய பருமன். குரோஷா வேலைக்கான, அதாவது ஒற்றைக் கொக்கியால் பின்னுவதற்கான, மெல்லிய பருத்தி நூல்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு அல்லது மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்து இதே சோதனையைச் செய்து பாருங்கள். சேர்த்துப் பிடித்தே கடைசி வரை பின்னிக்கொண்டு போகலாம்.

அளவு: ஊதா 25 கிராம், பச்சை 15 கிராம் போதும். நூற்கண்டு பெரும்பாலும் 50 கிராமாகத்தான் வரும் என்பதால் நிறத்துக்கு ஒன்று. மிச்ச நூலில் இன்னொரு உறை பின்னலாம்.

இங்கே ஒரு பொறி: அடர் ஊதா பருத்தி நூல் சாயம் விடும். வாங்கி வந்ததும் ஒரு முழ நூலை வெட்டி ஈரமான வெள்ளைத் துணிக்குள் வைத்துக் கசக்கிப் பாருங்கள். கறை படிந்தால் பின்னி முடித்ததும் முதல் இரண்டு மூன்று துவையலைத் தனியாகச் செய்யுங்கள். வெள்ளை நிற நாய் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவற விடாதீர்கள்.

3. ஊசி: எண்ணை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைக் கேளுங்கள்

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த இடம். நம் நாட்டுக் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் நேர் எதிர், எண் கூடினால் ஊசி தடிக்கும். நம் கடையின் 10ஆம் எண் ஊசி 3.25 மி.மீ. அமெரிக்க 10ஆம் எண் 6 மி.மீ. வீடியோவில் சொன்ன எண்ணை அப்படியே கடையில் கேட்டால் ஏறக்குறைய பாதிப் பருமனில் ஊசி வரும், அல்லது இரண்டு மடங்கில் வரும்.

நமக்கு வேண்டியது 3.25 மி.மீ. நேர் ஊசி ஒரு ஜோடி. "ஸ்வெட்டர் பின்னுற ஊசி, 10ஆம் நம்பர்" என்று கேளுங்கள். வெறுமனே பின்னல் ஊசி என்றால் குரோஷா கொக்கியை நீட்டுவார்கள். போனி நிறுவனத்தின் ஊசியில் மி.மீ. அளவு பொறித்திருக்கும், பார்த்து வாங்கலாம். மூங்கில் ஊசி கிடைத்தால் முதல்முறை பின்னுபவருக்கு அதுவே நல்லது, கண்ணி வழுக்கி விழாது.

லாங் பஜார் பக்கத்துத் தையல் பொருள் கடைகளிலும் ஃபேன்ஸி கடைகளிலும் முதலில் கேட்டுப் பாருங்கள். ஊசி இருக்கும் கடையில் நூல் இருக்காது, நூல் இருக்கும் இடத்தில் ஊதா இருக்காது. பாதி நாளை இதற்கு ஒதுக்கிவிட்டு, கிடைக்காததை மட்டும் இணையத்தில் வாங்குங்கள். ஊசி, நூல் இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 400 முதல் 600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இவற்றோடு நூல் கோக்கும் பெரிய காது ஊசி ஒன்று, சாவிக்கொத்துக் கொக்கி ஒன்று, அளவு நாடா. கத்தரிக்கோல் வீட்டில் இருப்பதே போதும்.

4. மாதிரித் துண்டு

ஊசியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்கிறேன். ஊசியில் புதிதாக வளையம் போடுவது கண்ணி ஏற்றுவது, வீடியோக்களில் காஸ்ட் ஆன் என்பார்கள். நிட், பர்ல் இரண்டும் அடிப்படைப் பின்னல்கள். நிட்டில் நூல் வேலைக்குப் பின்னால் இருக்கும், பர்லில் முன்னால் இருக்கும். கண்ணி ஏற்றுவதையும் இந்த இரண்டையும் ஏதாவது ஒரு வீடியோவில் பார்த்துக் கைக்கு வரவழைத்துக்கொண்ட பிறகு மேலே படியுங்கள். கைகளின் அசைவை எழுத்தில் கற்பது கஷ்டம், கணக்கை வீடியோவில் கற்பது அதைவிடக் கஷ்டம்.

30 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 10 செ.மீ. உயரம் வரும்வரை பின்னுங்கள். ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணியை எண்ணுங்கள். 24 வந்தால் சரி. 22க்குக் கீழே வந்தால் நீங்கள் தளர்வாகப் பின்னுகிறீர்கள், 3 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். 26க்கு மேல் போனால் உறை இறுகிச் சுருள் நுழையாது, ஊசியை ஒரு அளவு தடிமனாக மாற்றுங்கள். பருத்தி இழுபடும், ஆனால் கம்பளி போலத் திரும்பிச் சுருங்காது. அதனால் பின்னல் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே பாதுகாப்பு.

இந்தத் துண்டைப் பின்ன ஒரு மாலை போகும். அந்த மாலையை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

5. பச்சைத் தொப்பி

பச்சை நூலில் 80 செ.மீ. வால் விட்டு 36 கண்ணி ஏற்றுங்கள். அந்த வாலை வெட்ட வேண்டாம், பிறகு ஓரம் தைக்க உதவும்.

வரிசை 1 முதல் 4 வரை: 2 நிட், 2 பர்ல் என்று மாற்றி மாற்றி. நான்கு வரிசைக்கும் இதுவேதான்.

வரிசை 5, நாடா கோக்கும் துளைகள்: 2 நிட், நூலை முன்னால் கொண்டுவந்து ஊசி மேல் ஒரு சுற்றுப் போடுங்கள், அடுத்த இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து நிட். இதையே கடைசி வரை செய்தால் 9 துளை வரும். முடித்ததும் எண்ணிப் பாருங்கள், 36 கண்ணியே இருக்க வேண்டும். 35 இருந்தால் எங்கோ ஊசி மேல் சுற்று விடுபட்டிருக்கிறது. அந்த வரிசையை இப்போதே பிரித்துவிடுங்கள், மேலே போன பிறகு சரிசெய்ய வராது.

வரிசை 6: முழுக்க பர்ல்.

வரிசை 7 முதல் 10 வரை: ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்.

6. ஊதா உடல், நடுவில் பை வெளியே வரும் வாய்

ஊதா நூலுக்கு மாறுங்கள். முடிச்சுப் போட வேண்டாம், 15 செ.மீ. வால் விட்டுப் பின்னத் தொடங்கினால் போதும்.

வரிசை 1: 8 நிட், அடுத்த கண்ணியில் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை நிட் செய்து ஒன்றை இரண்டாக்குங்கள். இதை நான்கு முறை செய்தால் 40 கண்ணி.

வரிசை 2: பர்ல். வரிசை 3 முதல் 8 வரை: ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்.

வரிசை 9, வாய் திறப்பு: 17 நிட். அடுத்த 6 கண்ணியை முடித்துவிடுங்கள், அதாவது இரண்டு நிட் செய்து, முதல் கண்ணியை இரண்டாவதன் மேலாகத் தூக்கிக் கீழே விட வேண்டும். இப்படி 6 கண்ணி விழுந்ததும் வலது ஊசியில் ஏற்கெனவே ஒரு கண்ணி மிச்சம் நிற்கும். இரண்டாம் பாதியின் 17இல் அது முதலாவது. எனவே மேலும் 16 நிட் மட்டுமே. புதியவர்கள் இங்கே இன்னும் 17 வேண்டும் என்று கணக்கிட்டு ஒன்று குறைகிறதே என்று குழம்புவார்கள். ஒன்றும் குறையவில்லை.

வரிசை 10: 17 பர்ல், திறப்பு இருக்கும் இடத்தில் 6 கண்ணி புதிதாக ஏற்றுங்கள், மீதி 17 பர்ல். மறுபடி 40.

வரிசை 11 முதல் 16 வரை: ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்.

7. அடிப்பக்கம்

இனி ஒரு வரிசை குறைக்க வேண்டும், அடுத்த வரிசை வெறும் பர்ல்.

8 நிட், இரண்டை ஒன்றாக, நான்கு முறை: 36 கண்ணி. பர்ல்.
4 நிட், இரண்டை ஒன்றாக, ஆறு முறை: 30. பர்ல்.
3 நிட், இரண்டை ஒன்றாக, ஆறு முறை: 24. பர்ல்.
2 நிட், இரண்டை ஒன்றாக, ஆறு முறை: 18. பர்ல்.
1 நிட், இரண்டை ஒன்றாக, ஆறு முறை: 12. பர்ல்.
இரண்டை ஒன்றாக, ஆறு முறை: 6.

நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, காது ஊசியில் கோத்து, 6 கண்ணிக்குள்ளும் நுழைத்து இறுக்கி இழுங்கள். கத்தரிக்காயின் அடிப்பக்கம் தானாகக் குவிந்து நிற்கும். அதே நூலால் கீழிருந்து மேலாக ஊதா ஓரத்தைத் தையுங்கள். பச்சைப் பகுதியை மேலே விட்டுவைத்த வாலால் தையுங்கள். தையல் பின்பக்கம் வந்தால் வாய் சரியாக முன்பக்கம் நடுவில் இருக்கும்.

வாயின் ஓரத்தைச் சுற்றி ஊதா நூலால் நெருக்கமாக ஒரு சுற்றுத் தைத்துவிடுங்கள். தினமும் பையை இழுப்பதில் முதலில் தொய்வது அந்த இடம்தான். இதைச் செய்யாத உறை சில வாரத்தில் வாய் பிளந்து, சுருளே நழுவி வெளியே வந்துவிடும்.

8. காம்பு, இதழ், முள்

இது விளையாட்டான பகுதி, ஆனால் கத்தரிக்காய் இங்கேதான் கத்தரிக்காயாகிறது. பச்சையில் 7 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட். அடுத்த வரிசையில் இரு ஓரத்திலும் இரண்டை ஒன்றாக்கி 5. ஒரு வரிசை நிட். மறுபடி இரு ஓரத்திலும் குறைத்து 3. ஒரு வரிசை நிட். மூன்றையும் ஒன்றாக்கி நூலை இழுத்து முடியுங்கள். இப்படி ஐந்து இதழ். அகலமான பக்கத்தைப் பச்சையும் ஊதாவும் சேரும் கோட்டில் வைத்து, நுனி கீழே பார்க்கும்படி தையுங்கள்.

முள்ளுக் கத்தரிக்காயின் காம்பிலும் தொப்பியிலும் முள் இருக்கும். வெளிர் பச்சை அல்லது மஞ்சள் நூலால் தொப்பி மேல் அரை செ.மீ. நீளத்தில் அங்கங்கே நேர்த் தையல் போட்டால் போதும், முள் வந்துவிடும். மணி, பொத்தான், பிளாஸ்டிக் கண் எதையும் தைக்காதீர்கள். நாய் கடித்து விழுங்கினால் குடலை அடைக்கும். நீளமான நூல் அதைவிட ஆபத்து, குடலைச் சுருக்கி இழுத்து அறுக்கவும் கூடும். எனவே எல்லா வாலையும் உள்பக்கமாகக் கோத்து, மறைத்து, ஒட்ட வெட்டுங்கள்.

காம்புக்கு, பச்சை நூலில் 60 செ.மீ. நீளத்தில் ஆறு இழை எடுத்து இரண்டிரண்டாகச் சேர்த்து ஜடை பின்னுங்கள். அதுதான் நாடா. அதைத் துளைகளில் உள்ளே, வெளியே என்று கோத்துக்கொண்டு போக வேண்டும். துளை 9, ஒற்றைப்படை. எல்லாவற்றிலும் கோத்தால் நாடாவின் ஒரு முனை வெளியேயும் மறு முனை உள்ளேயும் போய் நிற்கும். வாய் இருக்கும் முன்பக்கத்தில் தொடங்கி, பின்பக்கத் தையலை ஒட்டிய ஒரு துளையை விட்டுவிட்டு எட்டில் மட்டும் கோத்தால் இரண்டு முனையும் வெளியே வரும். இழுத்து முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு மேல் சாவிக்கொத்துக் கொக்கியை மாட்டுங்கள்.

9. உள்ளே வைக்க வேண்டிய அட்டை

தடுப்பூசிப் புத்தகத்தின் அசல் வீட்டில் இருக்கட்டும், அதைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். உறைக்குள் ஏடிஎம் அட்டை அளவில், 8.5க்கு 5.4 செ.மீ., ஒரு விவர அட்டை. நாயின் பெயர், உங்கள் கைபேசி எண், வெறிநாய்த் தடுப்பூசி கடைசியாகப் போட்ட தேதி, அடுத்து போட வேண்டிய தேதி, கால்நடை மருத்துவரின் எண். மாநகராட்சி உரிமம் வாங்கியிருந்தால் அந்த எண்ணும். ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு லேமினேஷன் போட 30, 40 ரூபாய் ஆகும். கூர்மையான முனைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னலைக் குத்திக் கிழிக்கும்.

முதல் வெறிநாய்த் தடுப்பூசி பொதுவாகக் குட்டிக்கு மூன்று மாத வயதில். அதன் பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் ஊக்கத் தவணை, அப்புறம் ஆண்டுதோறும். தேதி மாறும்போது அட்டையையும் மாற்றுங்கள். பழைய தேதியோடு தொங்கும் அட்டை, அட்டை இல்லாததைவிட மோசம்.

உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் அந்த அட்டையைக் காட்டி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவச் செய்து, மருத்துவமனைக்கு அனுப்புங்கள் அல்லது கூட்டிக்கொண்டு போங்கள். தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அட்டை அவர் பார்ப்பதற்கு.

10. மாட்டுவது, பயன்படுத்துவது

சுருளை நிமிர்த்தி வைத்து, முதல் பையின் முனையைச் சுருட்டி வாய் வழியாக வெளியே இழுத்துவிடுங்கள். அட்டையைச் சுருளுக்குப் பின்னால் செருகி நாடாவை இறுக்குங்கள்.

வாரின் கைப்பிடி முனையில்தான் மாட்ட வேண்டும். கழுத்துப் பட்டையில் மாட்டினால் முதல் தெருமுனை வருவதற்குள் நாய் அதைக் கடித்திருக்கும். உள்ளே பிஸ்கட் வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். எறும்பு ஏறும், வாசனைக்குத் தெரு நாய்கள் பின்னாலேயே வரும், உங்கள் நாயும் உறையைத் தின்னப் பார்க்கும். கட்டிய கழிவுப் பையை ஒருபோதும் இதற்குள் திரும்பப் போடாதீர்கள். கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

கழிவைக் கோட்டை அகழியிலும் சாக்கடையிலும் பாலாற்று மணலிலும் வீசுவதற்காகப் பையில் கட்டுவதில்லை. குப்பைத் தொட்டியில் போடுங்கள், அல்லது வீட்டுக்குக் கொண்டுவந்து கழிவை மட்டும் கழிப்பறையில் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போடுங்கள். நாயின் மலத்தில் கொக்கிப்புழு, உருளைப்புழு முட்டைகள் இருக்கலாம். அதே மண்ணில் குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னும் வேலை முழுவதும் புதியவருக்கு 7 முதல் 9 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே. கோடையில் இதை மதியத்துக்கு வைத்துக்கொண்டு, நடையைக் காலை 7 மணிக்கு முன்போ, இருட்டிய பிறகு தார்ச் சாலை ஆறியதுமோ வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. இருட்டில் நடப்பவர்கள் ஒளி பட்டால் மின்னும் துணிப் பட்டை ஒன்றை உறையின் பின்பக்கம் தைத்துக்கொள்ளுங்கள், அடர் ஊதா இருட்டில் தெரியவே தெரியாது.

வாரம் ஒருமுறை சுருளையும் அட்டையையும் எடுத்துவிட்டு, கொக்கியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டுக்குள் வைத்து அழுத்தி, நிழலில் தட்டையாகக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் கத்தரிக்காய் புடலங்காயாக நீண்டுவிடும். வேலூர்க் கோடையில் அரை நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் கூட ஆகலாம், அதற்காகவே மிச்ச நூலில் இரண்டாவது ஒன்றைப் பின்னி வைத்துக்கொள்ளுங்கள்.